மார்க் என்றால் மதிப்பெண் அல்ல: பெயரும் சொல்லும் ஒன்றாக வரும் ஆங்கிலத்தைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

‘இரவில்லியம்’ என்ற சொல்லை நீங்கள் எந்த அகராதியிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதை உருவாக்கியவன் நான். கூடவே ‘கனவில்லியம்’, ‘தெருவில்லியம்’, ‘கோவில்லியம்’ ஆகியவற்றையும் ஒரே பொத்தானை அழுத்தி, ஒரே நொடியில் உருவாக்கினேன். எப்படி என்பது ஏழாவது படியில் வரும்.

ஒரு குடும்பத்தின் பழைய ஆங்கிலக் கடிதங்கள், 110 பக்கம். எளிய ஆங்கிலம்தான், பத்து நாளில் தமிழில் தந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். அந்தக் குடும்பத்தில் அண்ணன் பெயர் வில், தம்பி மார்க், தங்கை கிரேஸ், அத்தை ஹோப். நான்கும் பெயர்கள், நான்கும் அன்றாட ஆங்கிலச் சொற்கள். நேரம் மிச்சமாகுமே என்று முதல் வரைவை இயந்திர மொழிபெயர்ப்பில் எடுத்தேன். கிரேஸ் ஒரு பக்கத்தில் ‘கருணை’ ஆனாள், அடுத்த பக்கத்தில் ‘அருள்’, இன்னொன்றில் ‘நளினம்’. ஹோப் அத்தை ‘நம்பிக்கை அத்தை’ ஆகியிருந்தார். மார்க் தேர்வு எழுதியதைச் சொல்லும் கடிதத்தில் ‘மதிப்பெண் 78 மதிப்பெண் பெற்றது’ என்று இருந்தது. வில்லை மட்டும் எங்கும் காணோம். ஆங்கிலத்தில் ‘வில்’ எதிர்காலம் காட்டும் துணைவினையும் ஆயிற்றே. இயந்திரம் அவரை ‘வருவார்’, ‘செய்வார்’ என்ற வினைமுற்றுகளுக்குள் கரைத்துவிட்டிருந்தது. பத்து நாள் வேலை பதினாறு நாளானது.

சான்றிதழ், கடிதம், திரைப்படத்தின் அடியில் ஓடும் வசன வரி என்று எதை மொழிபெயர்க்கத் தொடங்கினாலும் இந்தப் பெயர்கள் உங்களையும் ஒருநாள் மறிக்கும். அந்த ஆறு நாள் உங்களுக்கு வீணாக வேண்டாம்.

படிகளுக்கு முன் அடிப்படை விதி ஒன்று. பெயருக்குப் பொருள் இருந்தாலும் அந்தப் பொருளை மொழிபெயர்க்கக் கூடாது. முத்து, மலர், அன்பு, கனி, வெற்றி என்றெல்லாம் பெயர் வைக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்துவை ஆங்கிலத்தில் ‘பேர்ல்’ என்று எழுதினால் முத்துவே திரும்பிப் பார்க்க மாட்டார். போதாக்குறைக்கு, பல பெயர்களுக்கும் அவற்றைப்போல் ஒலிக்கும் சொற்களுக்கும் உறவே கிடையாது. மார்க், மார்க்கஸ் என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது. மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராபின் என்பது ராபர்ட்டின் செல்லப்பெயராகத் தோன்றியது. பறவைக்குத்தான் அந்தப் பெயர் பிறகு போனது.

விதி எளிது. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. ‘இது பெயர்’ என்று காட்ட ஆங்கிலத்திடம் பெரிய எழுத்து இருக்கிறது. தமிழ் எழுத்தில் அது இல்லை. ‘வில் வில் மார்க் மார்க்ஸ் வில்’ என்ற ஆங்கில வாக்கியத்தை நான் இங்கே எழுதியதுபோலத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். வில் என்பவர் மார்க்கின் உயிலில் குறியிடுவார் என்பதுதான் அதன் பொருள். ஆங்கில எழுத்தில் ஒருவாறு புரியும். தமிழ் எழுத்தில் மந்திரம் ஓதுவதுபோல இருக்கும். பெரிய எழுத்து செய்த வேலையை வேறு எதைக் கொண்டு செய்வது என்பதுதான் உங்கள் முன் இருக்கும் கேள்வி.

1. ஒரு சொல்லையும் மொழிபெயர்க்காமல் பெயர்களை மட்டும் எடுத்தெழுதுங்கள்

அசல் முழுவதையும் வேகமாகப் படித்துப் பெயர்களை ஒரு பட்டியலில் போடுங்கள். 100 பக்கத்துக்கு எனக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இந்த ஒன்றரை மணி நேரத்தைச் சோம்பலில் விட்டதற்குத்தான் ஆறு நாள் தண்டம் கட்டினேன்.

எந்தப் பெயர்களைக் கண்டால் உஷாராக வேண்டும்? மலர், செடி, மணி வகைப் பெயர்கள் எளிதில் கண்ணில் படும்: ரோஸ், லில்லி, டெய்சி, ஐவி, ஹேசல், ரூபி, பேர்ல், ஆம்பர், ஜேட். குணத்தைக் குறிக்கும் பெயர்களும் அப்படியே: ஃபெய்த், ஹோப், ஜாய், பேஷன்ஸ், மெர்சி. மாதப் பெயர்கள் மூன்று நான்கு: ஏப்ரல், மே, ஜூன், ஆகஸ்ட். பதவிபோல ஒலிப்பவை டீன், ஏர்ல், டியூக். கல்லூரிக் கடிதம் ஒன்றில் ‘டீன் டீன்’ என்று வந்தால் அச்சுப்பிழை என்று ஒன்றை நீக்கிவிடாதீர்கள்.

உண்மையில் காலை வாருபவை வினைச்சொற்களாகவும் இருக்கும் பெயர்கள்: வில், மார்க், கிராண்ட், ராப், சூ, பேட், சேஸ், வேட், ஸ்கிப். இவற்றிலும் மோசமானவை இறந்தகால வினைகள். ரோஸ் என்றால் ‘எழுந்தது’, ட்ரூ என்றால் ‘வரைந்தார்’ அல்லது ‘இழுத்தார்’. ரோஜா என்ற பொருளையே நினைத்துக்கொண்டு படிக்கும் கண் இந்த ‘எழுந்தது’வைத் தவறவிட்டுவிடும்.

பட்டியலில் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போதும்: ஆங்கில எழுத்து வடிவம், முழுப்பெயர், பாலினம், மற்றவர்களோடு உறவு, தமிழ் வடிவம். பாலினம் எதற்கு என்றால் ராபின், பேட், ட்ரூ, சாண்டி, டேல் ஆகியவை இருபாலாருக்கும் உள்ள பெயர்கள். ஆங்கில வினை பாலைக் காட்டாமல் தப்பித்துக்கொள்ளும். தமிழ் வினைமுற்று காட்டியே தீரும். உறுதியாகும்வரை ‘வந்தார்’, ‘சொன்னார்’ என்று ‘ஆர்’ விகுதியில் ஓட்டுங்கள். உறவுப் பத்தி, பிறகு அவனா அவரா என்று முடிவு செய்ய உதவும்.

பட்டியலை எக்செல் போன்ற விரிதாளில் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெயரையும் பக்க எண்ணையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். மே என்ற பெண் 12ஆம் பக்கத்தில் வருகிறாள் என்பதை ‘மே 12’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். விரிதாள் அதைத் தேதியாக்கி வைத்துக்கொண்டது. இந்தத் தொல்லை என்னோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, 2020இல் மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிக்கொண்டது. விரிதாள்கள் அவற்றைத் தேதிகளாக்கியதும் அதற்கு ஒரு காரணம்.

2. பெரிய எழுத்தை நம்பலாம். எங்கே நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டு நம்புங்கள்

வாக்கியத்தின் முதல் சொல்லில் பெரிய எழுத்துக்கு மதிப்பே இல்லை. ‘மார்க் மை வேர்ட்ஸ்’ என்று தொடங்கினால் அது ‘நான் சொல்வதைக் குறித்துக்கொள்’. ‘மே ஐ’ என்றால் அனுமதி கேட்கிறார்கள். இந்த இடத்தில் காற்புள்ளியைத் தேடுங்கள். ‘மார்க்,’ என்று நிறுத்தியிருந்தால் ஆளைக் கூப்பிடுகிறார்கள்.

முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பு, படிவம், சான்றிதழ் ஆகியவற்றிலும் அது பயனற்றது. அவசரமாக எழுதிய குறுஞ்செய்திகளில் பெரிய எழுத்தே இருக்காது. இயந்திரம் கேட்டு எழுதிய உரைகளில் இருக்கும், ஆனால் தன் இஷ்டத்துக்கு இருக்கும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டிடைச் சொற்களான ‘அ’ (a), ‘த’ (the) இரண்டும் நல்ல சாட்சிகள். அவை முன்னால் நின்றால் பெரும்பாலும் பொருள்தான், ஆள் அல்ல. ‘நான் அறிந்த அந்த ஜாய் இவள் இல்லை’ என்பதுபோன்ற வாக்கியங்களில் மட்டும் இந்தச் சாட்சி பிறழும். அடுத்த வாக்கியத்தில் ‘அவன்’, ‘அவள்’ என்று சுட்டுப்பெயர் வருகிறதா என்றும் பாருங்கள்.

வருடிய (ஸ்கேன் செய்த) ஆவணங்களில் உடைமையைக் காட்டும் மேற்குறி (’s) காணாமல் போயிருக்கும். மார்க்கினுடையது என்று இருந்தது மதிப்பெண்கள் என்று ஆகிவிடும். பில்லின் வீடு ‘பில்கள் வீடு’ ஆகும். சந்தேகம் வந்தால், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி தந்த உரையை விட்டுவிட்டு மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

3. கொடுத்தவரிடம் கேளுங்கள், முதல் நாளே கேளுங்கள்

பட்டியல் தயாரானதும் வேலை கொடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று கேள்விகள் போதும். இவர்கள் எல்லோரும் ஆட்கள்தானா? தமிழில் இவர்கள் பெயரை ஏற்கெனவே எங்கேனும் எழுதியிருக்கிறீர்களா? அதை எப்படி எழுதியிருக்கிறீர்கள்?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். கல்யாணப் பத்திரிகை, பழைய சான்றிதழ், கல்லறைக் கல் என்று எதிலாவது ஒரு தமிழ் வடிவம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எனக்கு ‘ரோஸ்’ பிடிக்கும். ஆனால் ஒரு குடும்பம் அறுபது ஆண்டுகளாக ‘ரோசு’ என்று எழுதிவந்தால் ரோசுதான். தமிழ் விவிலியம் சார்ந்த எழுத்தில் மார்க் ‘மாற்கு’ ஆவார், பால் ‘பவுல்’ ஆவார். ஒரே நூலில் மார்க்கும் மாற்குவும் கலந்து வந்தால் வாசகர் இரண்டு ஆள் என்று எண்ணுவார்.

பதில் வர நாளாகும். என் அனுபவத்தில் மூன்று நாள் காத்திருப்பு சாதாரணம். கடிதம், கதை என்றால் அதற்குள் வேலையைத் தொடங்கலாம். சான்றிதழ் என்றால் பதில் வராமல் தொடாதீர்கள்.

4. ஒலியை எழுதுங்கள், எழுதியது தமிழ்ச் சொல்லாகிவிடாமல் பாருங்கள்

ஆங்கிலப் பொருளிடமிருந்து தப்பித்த பெயர், தமிழ்ப் பொருளிடம் மாட்டிக்கொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வில் என்று எழுதினால் நமக்கு அம்போடு வரும் வில்; ‘விற்பனை செய்’ என்ற ஏவலும் அதுவே. நெல் என்ற பெண் பெயர் வயலில் விளையும் நெல். நான் என்ற பெண்ணை எழுதினால் ‘நான் வந்தாள்’ என்று இலக்கணப் பிழைபோல நிற்கும். கோல் ஊன்றுகோல் ஆவான், கேட் வீட்டு வாசலின் கேட் ஆவாள். பால் வந்தார் என்றால் வாசலில் பால் வந்திருக்கிறது. சரி, ‘போல்’ என்று எழுதலாம் என்றால் அது உவம உருபு. நெல்லை ‘நெல்லி’ என்று நீட்டினால் காயாகிவிடுகிறாள்.

வழி இருக்கிறது. கிரேஸ், ஜாய், ஹோப், ஃபெய்த் ஆகிய பெயர்களைப் பாருங்கள். ஸ, ஜ, ஹ, ஃப என்ற எழுத்துகளைக் கண்டதுமே இது வெளியிலிருந்து வந்த சொல் என்று தமிழ் வாசகர் கண் சொல்லிவிடுகிறது. ரோஸ், ரூபி, டெய்சி, லில்லி ஆகியவையும் அப்படியே. ர, ட, ல எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது பழைய இலக்கண விதி. ஆக, நம்மிடம் இல்லாத பெரிய எழுத்தின் வேலையை இந்த எழுத்துகள் ஓரளவு செய்கின்றன. அதனால்தான் இந்தப் பெயர்களில் மட்டும் கிரந்த எழுத்தைத் தவிர்க்க வேண்டாம் என்கிறேன். ரோஸை ‘உரோசு’ ஆக்கினால் தூய்மை கிடைக்கலாம், ஆள் தொலைந்துவிடுவாள்.

சிக்கல், முழுக்கத் தமிழ்ச் சாயலில் இருக்கும் வில், பால், நெல், நான் வகைப் பெயர்களில்தான். இவற்றுக்கு முதல் முறை வரும்போது முழுப்பெயரைச் சேர்த்துவிடுங்கள்: ‘வில் என்று அழைக்கப்படும் வில்லியம்’. பிறகு பத்திக்கு ஒருமுறையாவது குடும்பப் பெயரோ, ‘திரு.’வோ, ‘அண்ணன்’, ‘அத்தை’ என்ற உறவோ ஒட்டிக்கொண்டிருக்கட்டும். மேற்கோள் குறிக்குள் பெயரை அடைப்பது கடைசி வழி. பக்கம் முழுவதும் கொசு மொய்த்ததுபோல ஆகிவிடும்.

பெயர் பெற்றவர்கள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். தமிழ் நாளிதழ்கள் எழுதும் வடிவமே உங்கள் வடிவம். பில் கேட்ஸ், வில் ஸ்மித் ஆகியோரை எந்த இயந்திரமும் தொடாது. ஆனால் நம் வாசகர்களுக்கு அதிகம் பழக்கமில்லாதவர்களைச் சரிபாருங்கள். 1960இல், ஆறு வயதில், நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக் குழந்தைகள் மட்டுமே படித்த பள்ளிக்குள் நுழைந்த கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ். சொல்லுக்குச் சொல் போனால் ‘மாணிக்கப் பாலங்கள்’. அமெரிக்க மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பராக இருந்த ஹோப் சோலோ ‘தனி நம்பிக்கை’. மனிதரைத் தாக்கும் கொரோனா வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் முதலில் படம்பிடித்த ஜூன் அல்மெய்டா, வாக்கியத்தின் தலையில் நின்றால் மாதம். இவர்களில் முதல் இருவருக்குக் குடும்பப் பெயரும் சொல்தான் என்பதைக் கவனியுங்கள். முழுப்பெயர் எப்போதும் காப்பாற்றும் என்று இருந்துவிடக் கூடாது.

5. வேற்றுமை உருபிடம் வேலை வாங்குங்கள்

ஆங்கிலம் ஓர் எழுத்தைப் பெரிதாக்கிச் சொல்வதைத் தமிழ் சொல்லின் வாலில் சொல்லும். நமக்கு உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு இருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அந்தப் பாடம்தான் இந்தத் தொழிலில் சோறு போடுகிறது.

‘மேயில் பேசினேன்’ என்றால் மாதம். ‘மேயிடம் பேசினேன்’ என்றால் பெண். பொருளுக்கு ‘இல்’, ஆளுக்கு ‘இடம்’. ‘ரோஸ் பார்த்தேன்’ என்று ஐ உருபைத் தொகுத்துவிட்டால் மலர். ‘ரோஸைப் பார்த்தேன்’ என்றால் ஆள். அஃறிணைக்கு ‘ஐ’ இல்லாமலும் ஓடும், ஆளுக்கு அது வேண்டும். வினைமுற்றும் உதவும்: ‘ஹோப் வந்தது’ என்று யாரும் எழுத மாட்டார்கள், ‘ஹோப் வந்தார்’ என்பதில் மயக்கமில்லை. ஆகவே பெயர் வரும் வாக்கியத்தில் எழுவாயையும் வினைமுற்றையும் அருகருகே வையுங்கள். நடுவே ஒன்பது சொற்களை நுழைத்தால் வாசகர் முடிவு தெரியாமல் தொங்குவார்.

உருபாலும் தீராத இடங்கள் உண்டு. ‘பில்லுக்குப் பணம் கொடுத்தாள்’. ஆளுக்கா, ரசீதுக்கா? ‘ரோஸ் வாங்கினாள்’. ரோஸ் என்பவள் எதையோ வாங்கினாளா, யாரோ ரோஜா வாங்கினாளா? ‘கிரேஸ் மார்க் கேட்டாள்’ என்ற வாக்கியத்தில் என் கடிதக் குடும்பத்துத் தங்கை தம்பி இருவரும் சேர்ந்து ஒரு மதிப்பெண் சலுகையாகிவிடுகிறார்கள். இதற்கு நான் வைத்திருக்கும் ஏற்பாடு: ஆங்கில ஒலியை ஆளுக்கு ஒதுக்கிவிடுங்கள், பொருளுக்குத் தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். நூலில் பில் என்ற ஆள் இருந்தால் கடையில் தருவது ரசீது. மார்க் இருந்தால் தேர்வில் வாங்குவது மதிப்பெண். ரோஸ் இருந்தால் தோட்டத்தில் பூப்பது ரோஜா. மே இருந்தால் மாதத்தை எப்போதும் ‘மே மாதம்’ என்று முழுதாக எழுதுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இதில் விலக்குக் கூடாது.

6. இயந்திரத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் பெயரை மறைத்துக் கொடுங்கள்

முதலில் அனுமதி கேளுங்கள். பிறருடைய கடிதத்தையும் சான்றிதழையும் இலவச இயந்திரத்துக்குள் போட உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அனுமதி கிடைத்தால் ஆங்கில நகல் ஒன்றில் கிரேஸை எலிசபெத் என்றும் மார்க்கைத் தாமஸ் என்றும் மாற்றுங்கள். மாற்றுப்பெயர் வேறு பொருள் இல்லாததாக, அதே பாலாக, அந்த நூலில் வேறெங்கும் வராததாக இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்து மாற்றுங்கள். பெரிய எழுத்தைப் பொருத்திப் பார்க்கும் தேர்வை இயக்கிவைத்தால் தேடல் பாதியாகக் குறையும். எண்களோ குறியீடுகளோ வைத்து மறைத்தும் பார்த்தேன். ஆணா பெண்ணா என்று இயந்திரத்துக்குத் தெரியாமல் வினைமுற்றுகள் அனைத்தும் ‘அது’வில் முடிந்தன.

7. தேடி மாற்றும் வசதியில் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானைத் தொடாதீர்கள்

இரவில்லியம் பிறந்த இடம் இது. தமிழ் வரைவில் வில் என்ற பெயர் குழப்புகிறதே, வில்லியம் என்று மாற்றிவிடலாம் என்று நள்ளிரவில் ஒரு யோசனை. ‘வில்’ என்று தேடி, ‘வில்லியம்’ என்று மாற்றச் சொல்லி, எல்லாவற்றையும் மாற்றினேன். இரவில், கனவில், தெருவில், கோவில், வாழ்வில் என்று தமிழில் எத்தனை சொற்களின் வால் ‘வில்’ என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோப்பைச் சேமித்து மூடியும் விட்டேன். திரும்பப் பெற வழியில்லை.

முழுச்சொல் மட்டும் தேடு என்ற தேர்வு தமிழில் அரைகுறைத் துணைதான். உருபு ஒட்டியவுடன் சொல் வேறாகிவிடும். ‘வில்லிடம்’, ‘வில்லுக்கு’ ஆகியவை தேடலில் அகப்படாது. இன்னொரு நுணுக்கம்: ‘கிரேஸ்’ என்று புள்ளியோடு தேடினால் கிரேஸை, கிரேஸுக்கு, கிரேஸிடம் ஆகியவை வராது, ஏனென்றால் அங்கே ஸ் மேல் புள்ளி இல்லை. புள்ளியை விட்டுவிட்டு ‘கிரேஸ’ என்று தேடுங்கள், எல்லாம் வரும். தாமஸை மார்க்காகத் திருப்பும்போதும் இதே கதைதான். ‘தாமஸுக்கு’ என்பது ‘மார்க்குக்கு’ ஆக வேண்டும், அதைக் கையால்தான் செய்ய முடியும். 110 பக்கத்தில் நான்கு பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற ஒரு முற்பகல் போதும். தொடங்கும் முன் கோப்புக்கு ஒரு நகல்.

8. சான்றிதழ், உயில், வழக்கு ஆவணம் என்றால் தனிக் கவனம்

சட்ட ஆங்கிலத்தில் இந்தப் பெயர்கள் கலைச்சொற்களும் ஆகும். வில் என்றால் உயில், பில் என்றால் மசோதா, கிராண்ட் என்றால் மானியம், சூ என்றால் வழக்குத் தொடு. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருக்கும் ஆவணத்தில் வில் என்பவர் எழுதிய உயில் கிடைத்தால் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படியுங்கள். படிவங்களில் ‘மார்க்’ என்பது அங்க அடையாளமாகவும் இருக்கலாம்.

கடவுச்சீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். படமுள்ள பக்கத்தின் அடியில், ஒவ்வொன்றிலும் 44 இடங்கள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பிறகு குடும்பப் பெயர், அதன்பின் இரட்டைக் கோணக்குறி, அதன்பின் இயற்பெயர். ஹோப் இயற்பெயரா குடும்பப் பெயரா என்ற சந்தேகம் அந்தக் குறியில் தீர்ந்துவிடும்.

செல்லப்பெயரை விரித்து உதவி செய்யாதீர்கள். பில், வில் இரண்டும் வில்லியத்தின் சுருக்கம். சூ பெரும்பாலும் சூசன், ட்ரூ ஆண்ட்ரூ, பேட் பேட்ரிக்காகவும் இருக்கலாம் பட்ரிசியாவாகவும் இருக்கலாம். ஆனால் ஆவணத்தில் பில் என்றிருந்தால் தமிழிலும் பில்தான். பில் என்றே பெயர் பதிவான ஆட்களும் இருக்கிறார்கள். மூன்று ஆவணங்களை ஒன்றாகத் தந்தால் மூன்றிலும் ஒரே தமிழ் எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் கிரேஸ், மற்றொன்றில் கிரேசு என்றிருந்தால் வாங்கிப் பார்ப்பவர் வேறு ஆள் என்று திருப்பிவிடலாம்.

9. பெயரை வைத்து விளையாடியிருந்தால்

சில சமயம் எழுதியவரே பெயரின் பொருளைத் தொட்டுப் பேசுவார். ‘ஜாய் போன பிறகு இந்த வீட்டில் ஜாய் இல்லை’ என்பதுபோல. இங்கே மட்டும் பொருளையும் உள்ளே கொண்டுவர வேண்டும்: ‘ஜாய் போனாள்; அவள் பெயரில் இருந்த மகிழ்ச்சியும் இந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது.’ நூல் முழுவதும் இந்த விளையாட்டு தொடருமானால், அவள் முதலில் வரும் இடத்திலேயே பெயரின் பொருளை ஒரு வரியில் சொல்லிவையுங்கள். வசன வரிகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பார்வையாளர் காதில் ‘ரோஸ்’ விழும், கண்ணில் ‘ரோஜா’ பட்டால் உறுத்தும்.

10. கட்டணமும் நாள்கணக்கும்

பணக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், மணிக்கணக்கில் சொல்கிறேன். 100 பக்கத்துக்குப் பட்டியல் ஒன்றரை மணி, கேள்விகளை எழுதி அனுப்ப அரை மணி, பெயர்களை மட்டும் பார்க்கும் கடைசி வாசிப்பு மூன்று மணி. மொத்தம் ஐந்து மணி நேரம். இதைச் சொல் எண்ணிக்கைக் கட்டணத்துக்குள் ஒளிக்காமல் விலைப்பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள். ‘பெயர் சரிபார்ப்பு’ என்ற வரியைப் பார்த்து இதுவரை யாரும் என்னிடம் பேரம் பேசியதில்லை. மொத்தக் கட்டணத்தைத்தான் பேசியிருக்கிறார்கள்.

சான்றுறுதி பெற வேண்டிய மொழிபெயர்ப்பில் ஒரு பெயர் பிழையானாலும் அச்சு, கையெழுத்து, முத்திரை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும், கட்டணமும் இரண்டாம் முறை. யார் தருவது என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். வேலை கொடுத்தவர் ஒப்புதல் தந்த பட்டியலின்படி எழுதியிருந்தால் அவர் செலவு. பட்டியலை மீறியிருந்தால் உங்கள் செலவு. பட்டியலுக்கு அவர் அனுப்பிய பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசி வாசிப்பை வேலை முடிந்த அன்றே செய்யாதீர்கள். ஒரு நாள் விட்டு, ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் தேடிப் போங்கள். ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்து முறை வரும் பெயர் தமிழில் நான்குதான் என்றால், விட்டுப்போனதா, சுட்டுப்பெயராக நீங்களே மாற்றியதா என்று பாருங்கள். வில் கரைந்து போனதை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

இத்தனைக்கும் பிறகு தீராத இடம் ஒன்று இருந்தால் அடிக்குறிப்பு போடுங்கள். என் கடிதக் கட்டில் ஒன்று ‘அன்புடனும் ஹோப்புடனும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் முடிந்திருந்தது. கையெழுத்தில் அந்த முதல் எழுத்து பெரியதா சின்னதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தையும் சேர்ந்து அன்பு அனுப்பினாரா, நம்பிக்கையோடு முடித்தாரா? குடும்பத்தாரிடம் கேட்டேன். அத்தை அந்த வருடம் அந்த வீட்டில்தான் தங்கியிருந்தார் என்றும், கடிதம் எழுதியவர் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார் என்றும் பதில் வந்தது. ‘அன்புடனும் நம்பிக்கையுடனும்’ என்று மேலே வைத்து, அத்தையைக் கீழே குறிப்பில் எழுதினேன்.